பத்துக்குப் பத்து

அத்தியாயம் 17

மார்லின் ஸமிட் ஒன்பது நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. அது ஏன் என்று போன வாரம் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்காமல் விட்டவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

வருமான வரிக்கு ஏதோ ரசீது தேடி, வீட்டில் யாரும் தொடாமல் கிடந்த பழைய மின்னஞ்சல் கணக்கை அவள் திறந்தாள். உள்ளே ‘அன்புள்ள ஹெதர் மன்ரோ’ என்று ஒரு கடிதம். கணவன் ஆல்ஃபி விற்ற வண்டியைப் பற்றிக் கம்பெனி அனுப்பிய கடிதம்தான். ஆனால் எவளோ ஒரு ஹெதருக்குப் போக வேண்டிய கடிதம் ஸமிட் வீட்டுக் கணக்குக்கு ஏன் வருகிறது? இந்த முகவரியை அவளுக்கு யார் கொடுத்தது? கடிதத்தைப் பாதியில் மூடிவிட்டு ஆல்ஃபியின் டைரியைப் புரட்டினாள். ஜூன் முப்பதுக்கு நேரே ‘ஹெதர், மாலை நாலு மணி’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். இருபத்தாறு வருஷத்தில் கல்யாண நாளுக்கு அவர் ஒரு கோடு போட்டதில்லை.

போதாததற்கு, பிரிஸ்பேன் நம்பர் ஒன்றிலிருந்து அவள் போனுக்கு மூன்று முறை அழைப்பு வந்தது. தெரியாத நம்பரை மார்லின் எடுக்கிற வழக்கமே இல்லை. மூன்றையும் வெட்டினாள், மூன்றையும் ஹெதர் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

இன்று ஜூன் முப்பது.

காலையில் ஆல்ஃபி கண்ணாடி முன்னால் நின்று மூன்றாவது தடவையாகத் தலை வாரிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்து மூன்று. வாருகிற அளவுக்கு முடி இல்லை.

“புதுச் சட்டையா?” என்றாள் மார்லின்.

“பிரிஸ்பேன்லேர்ந்து கம்பெனி ஆளு வர்றார். மூணரை மணிக்கு ஷோரூம் வாசல்ல மைக்கெல்லாம் வெச்சு எனக்கு ஏதோ கொடுக்கப்போறாங்களாம். நீயும் வந்துடேன்.”

“மூணரைக்கா? நாலு மணிக்கு உனக்கு வேற வேலை இருக்குமே.”

“ஜூன் முப்பதும்மா, வருஷக் கணக்கு முடியற நாள். இன்னிக்கு எனக்கு நாலு மணிக்கும் வேலைதான், ஏழு மணிக்கும் வேலைதான்.”

“யாரோட?”

“யார் வர்றாங்களோ அவங்களோட.” சீப்பை வைத்துவிட்டுத் திரும்பினார். “ஏன் ஒரு மாதிரி பேசற?”

“நான் ஒரு மாதிரியும் பேசல. டீ ஆறுது, குடி.”

சாப்பாட்டு மேசையில் மகள் டானிகா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது. எட்டு மாதமாக அவளும் அப்பா வேலை செய்கிற பிரானக் மோட்டார்ஸில்தான், ஆபீஸ் உள்ளே கம்ப்யூட்டர் வேலை. அம்மாவும் அப்பாவும் பேசியபோது அவள் தலையைத் தூக்கவே இல்லை. ஒரே ரொட்டியில் மூன்று தடவை வெண்ணெய் தடவினாள். மார்லின் அதையும் பார்த்தாள். மகளுக்கும் தெரியும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

கார் விற்கிறவனைப் பற்றி ஊருக்கு ஒரு நினைப்பு உண்டு. ஒரு வண்டி தள்ளினால் ஒரு மூட்டை பணம் என்று. அது ஆல்ஃபி வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கதை. இப்போது வாங்க வருகிறவன், பிரிஸ்பேனில் என்ன விலை, டவுன்ஸ்வில்லில் என்ன விலை என்று போனிலேயே பார்த்துவிட்டு வருகிறான். அவன் கேட்ட விலைக்குக் கொடுத்தால் ஷோரூமுக்கு லாபம் இல்லை. லாபம் இல்லாத வண்டிக்கு விற்றவன் கையில் வருவது குடும்பத்தோடு ஒரு நாள் கிளப்பில் சாப்பிடப் போதும். அடிச் சம்பளமோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். வண்டி வாங்கியவருக்கு வண்டிக் கம்பெனி ஒரு கேள்வித்தாள் அனுப்பும். ஆல்ஃபி எப்படி நடந்துகொண்டார், சொன்ன தேதியில் வண்டி வந்ததா, அவரை உங்கள் வீட்டு மனிதர்களுக்குச் சிபாரிசு செய்வீர்களா, பத்துக்கு எத்தனை? அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் ஆறு மாதத்துக்கு ஒரு போனஸ். பத்து என்றால் பாஸ், ஒன்பது என்றால் ஃபெயில், நடுவில் ஒன்றும் கிடையாது. அதனால்தான் எங்கள் மக்காய் ஊரில் எந்த ஷோரூமில் சாவி வாங்கினாலும், கொடுக்கிறவர் காதோரம் குனிந்து, “ஒம்போது போட்டுடாதீங்க” என்று கெஞ்சுகிறார்.

ஆல்ஃபிக்குப் போன வருஷம் இரண்டு முறை தொடர்ந்து ஃபெயில். மூன்றாவது முறையும் ஆனால் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி கிரெக் பிரானக் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்தது பிடிக்காமல்தான் மார்லின் அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவரை வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

மார்லினுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அன்று பதினோரு மணிக்கு ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்தவர் வின்ஸ் க்ரெச். கரும்பு விவசாயி, எழுபது வயது, இவர்களைப் போலவே மால்டா வம்சம். சட்டைக் கையை மடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“உன் புருஷன்கிட்ட ஒரு பிக்கப் வாங்கினேனே, எத்தனை மாசம் காத்திருந்தேன் தெரியுமா? எட்டு. கப்பல் வருது கப்பல் வருதுன்னே என் கரும்பு அடுத்த வெட்டுக்கு வந்துருச்சு.”

“விரலை மடக்குங்க. கோவமா இருக்கீங்களா?”

“அவன்மேல எனக்கென்ன கோவம்? அவன் என்ன கப்பலா ஓட்டறான்? கம்பெனிக்காரன் மேலதான். ஆனா கம்பெனிக்காரனை எங்க போய்ப் பிடிக்கறது? கேள்வித்தாள்ல இருக்கறது உன் புருஷன் பேரு. வந்திருந்தா ரெண்டு மார்க் போட்டிருப்பேன்.”

மார்லின் கை ஒரு நொடி நின்றது. “வந்திருந்தான்னா? வரலயா?”

“ஏப்ரல்லேர்ந்து பாக்கறேன், வரவே இல்ல. என் பொண்ணை விட்டுத் தேடியும் பாத்தேன்.”

அவரைப் பஞ்சோடு அனுப்பிவிட்டு, மார்லின் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போனில் அந்தப் பழைய கணக்கைத் திறந்தாள். இந்தத் தடவை பாதியில் மூடவில்லை, அடி வரைக்கும் போனாள். ஹெதர் மன்ரோ. அதற்குக் கீழே கால்வின் டோய்ல். அதற்குக் கீழே பௌலா ஷெம்ப்ரி. எல்லாவற்றுக்கும் கீழே, ‘அன்புள்ள வின்ஸ் க்ரெச்.’ நாலு பேருக்கும் கேள்வித்தாள் வந்திருக்கிறது, நாலு பேர் பெயரிலும் பதில் போயிருக்கிறது, நாலிலும் பத்துக்குப் பத்து.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மனுஷன் ஹெதரை வைத்துக்கொள்ளலாம். வின்ஸ் க்ரெச்சை யார் வைத்துக்கொள்வார்கள்? ஒன்பது நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து போனது. அங்கிருந்த நாற்காலியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள்.

பிறகுதான் அடுத்த சந்தேகம் வந்தது. அது முதல் சந்தேகத்தைவிட அசிங்கமாக இருந்தது. கோபமாக இருக்கிற வாடிக்கையாளரின் முகவரியை மாற்றி, கேள்வித்தாளைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, தனக்குத் தானே பத்துப் போட்டுக்கொள்கிறார் ஆல்ஃபி. அதற்குத்தான் இன்று மைக் வைத்துப் பரிசு. இது வெளியே தெரிந்தால் வேலை போவதோடு நிற்காது. ஊரில் வேறு எந்த ஷோரூமும் அவரை வாசலில் நிற்க விடாது.

அவள் மேலதிகாரியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு இரண்டரைக்கே கிளம்பினாள்.

நிதியாண்டின் கடைசி நாள் என்பதால் பிரானக் மோட்டார்ஸில் திருவிழாக் கூட்டம். இன்று ராத்திரிக்குள் வண்டியைத் தன் பெயருக்கு எழுதினால்தான் இந்த வருஷ வரியில் கழியும் என்று சுரங்கத்துக்காரர்களும் கொத்தனார்களும் பிளம்பர்களும் வரிசையில் நின்றார்கள். ஒரு பக்கம் வெங்காயத்தோடு சாசேஜ் சுட்டு ரொட்டியில் சுற்றிக் கொடுத்தார்கள். ஒரு வண்டி விற்றுக் கையெழுத்தானதும் விற்றவர் போய் வாசல் மணியை அடிக்க வேண்டும். அடித்த கையோடு மற்ற விற்பனையாளர்கள் கை தட்டுவார்கள். தட்டும்போதே இவனுக்கு இந்த மாதம் எத்தனை என்று மனசுக்குள் எண்ணுவார்கள்.

ஆல்ஃபி ஒரு பிக்கப்பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மார்லின் அவரைச் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“என்னம்மா, இவ்ளோ சீக்கிரம்? சாப்ட்டியா?”

“ஆல்ஃபி, ஒண்ணு கேக்கறேன். பொய் சொன்னா எனக்குத் தெரியும். இந்தத் தடவை உனக்கு எப்படி எல்லாருமே பத்து போட்டாங்க?”

அவள் எதிர்பார்த்தது முகம் கறுப்பதை. நடந்தது வேறு. ஆல்ஃபியின் முகம், பரீட்சையில் தேறிய பிள்ளை முகம் மாதிரி மலர்ந்தது.

“அதான் எனக்கே புரியல. வண்டியெல்லாம் லேட்டு. என் மூஞ்சிக்கு நேரா எவ்ளோ திட்டினாங்க தெரியுமா? ஹெதர்னு ஒரு அம்மா, படகு இழுக்கற கொக்கி வரலன்னு அரை மணி நேரம் நின்ன இடத்துலயே கத்துச்சு. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. வீட்டுக்குப் போய் அதே அம்மா பத்து போட்டிருக்கு மார்லின். கூடவே எழுதியிருக்கு, ‘பொறுமையான மனுஷன்’னு. கிரெக் படிச்சுக் காட்டினான். நான் பாத்ரூமுக்குப் போய் மூஞ்சி கழுவிட்டு வந்தேன்.”

“அந்த ஹெதரா இன்னிக்கு நாலு மணிக்கு?”

“ஆமா, கொக்கி மாசக் கடைசியில வந்துடும்னாங்க, நேத்துதான் வந்துச்சு. மாட்டிக் கொடுக்க அப்பவே வரச் சொல்லிட்டேன். மறந்துட்டா அந்த அம்மா என்னை உயிரோட விடாது.” அவர் சிரித்தார். “அவ்ளோதான்னு நினைச்சேன்டி. நமக்கு வயசாயிடுச்சு, இனிமே நம்மள யாருக்கும் பிடிக்காதுன்னு. பாத்தியா, ஜனங்க நல்லவங்கதான்.”

மார்லின் அவர் கண்ணையே பார்த்தாள். ரத்தம் எடுக்க வருகிறவர்களின் பொய்யை இருபது வருஷமாகக் கேட்டவள் அவள். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பவனின் கண்ணைப் பார்த்தே சாப்பிட்டானா இல்லையா சொல்லிவிடுவாள். இந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. இவருக்கு ஒன்றுமே தெரியாது.

அப்படியென்றால் அந்தக் கணக்கின் கடவுச்சொல் தெரிந்த மூன்றாவது ஆள் யார்?

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த டானிகா, அம்மா பார்ப்பதைப் பார்த்ததும் எழுந்து பின்வாசல் வழியாகப் போனாள்.

வண்டி கழுவுகிற கொட்டகையில், தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் அவளை மடக்கினாள் மார்லின்.

“வின்ஸ் க்ரெச் பேருல பதில் போட்டது நீயா?”

டானிகா மறுக்கவில்லை. “வண்டி வாங்கறவங்க விவரத்தையெல்லாம் கம்பெனிக்கு ஏத்தறது நான்தானே. கோவமா இருந்த நாலு பேருக்கு மட்டும் மெயிலை மாத்தினேன்.”

“பைத்தியமாடி உனக்கு?”

“கப்பல் லேட்டானா அப்பா ஃபெயில். கொக்கி வரலன்னா அப்பா ஃபெயில். எதும்மா அவர் தப்பு? மூணாவது ஃபெயிலுக்கு கிரெக் லெட்டரே அடிச்சு வெச்சிருந்தான். நான்தான் டைப் பண்ணேன். என் கையாலயே அடிக்கச் சொன்னான்மா.” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பரிசெல்லாம் வரும்னு நான் நினைக்கவே இல்ல. பாஸ் ஆனா போதும்னுதான் பண்ணேன்.”

மார்லினுக்கு அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கேட்டாள். “போன் நம்பர்? அதையும் கேப்பாங்களே?”

“மூணு பேருக்கு நம்பர்ல ஒரு எண்ணை மாத்திப் போட்டேன். ஹெதர்தான் ரொம்பக் கத்தினாங்க, அவங்களைக் கம்பெனி கூப்பிட்டா வேற யாராவது எடுத்துடுவாங்களோன்னு பயம். அதான்...” டானிகா தரையைப் பார்த்தாள். “உன் நம்பரைப் போட்டேன். நீதான் தெரியாத நம்பரை செத்தாலும் எடுக்க மாட்டியே.”

பிரிஸ்பேன் அழைப்புகள் மூன்றும் மார்லின் கண் முன்னால் வந்து நின்றன. அவற்றை வெட்டியபோது பல்லைக் கடித்ததும் நினைவுக்கு வந்தது.

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. கிரெக் பிரானக் நாலு வார்த்தை பேசிவிட்டு மைக்கைக் கம்பெனி ஆளிடம் கொடுத்தார். ஆஷ்டன் என்று பெயர். இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டை, பற்கள் எல்லாம் தெரிகிற சிரிப்பு.

“இந்த வட்டாரத்துலயே முதலிடம், நம்ம ஆல்ஃபி ஸமிட். கொடுக்கறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பத்து போட்ட ஒரு வாடிக்கையாளரை எல்லார் முன்னாடியும் கூப்பிட்டுப் பேசுவோம். ஹெதர் மன்ரோன்னு ஒருத்தங்க. மூணு தடவை கூப்ட்டோம், எடுக்கல. இப்பவும் எடுக்கலைன்னா பரவால்ல, வீடு பக்கத்து ஊர் ஸாரினாலதான் இருக்கு. போற வழியில நானே நேர்ல போய்ப் பாத்துக்கறேன்.”

கூட்டம் சிரித்தது. ஆஷ்டன் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

கொட்டகைக்குள் மார்லினின் கைப்பைக்குள் போன் அடித்தது.

“எடுக்காதம்மா,” என்றாள் டானிகா, முகம் வெளுத்து. “எப்பவும் போல வெட்டிடு.”

“வெட்டினா அவன் ஸாரினா போறான். போய் அந்தப் பொம்பளையைக் கேட்டா?”

போன் மூன்றாவது முறை அடித்தது. கொட்டகைத் தகரத்தின் இடுக்கு வழியாக அவளுக்கு ஆல்ஃபி தெரிந்தார். நீலச் சட்டையில், மணிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, ஹெதர் தன்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறாள் என்று வெட்கத்தோடு காத்திருந்தார். ஒன்பது நாளாக இந்த மனுஷனின் சட்டையை முகர்ந்து பார்த்தோமே என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

அவள் போனை எடுத்தாள். “ஹலோ, ஹெதர் பேசறேன்.”

அரை நொடி கழித்து, ஷோரூம் வாசல் முழுக்க அவள் குரல் கேட்டது.

“மேடம், ஒரே ஒரு கேள்வி. ஆல்ஃபி ஸமிட்டை உங்க வீட்டு மனுஷங்களுக்குச் சிபாரிசு பண்ணுவீங்களா? பத்துக்கு எத்தனை?”

“பத்து.”

“ஏன்னு சொல்ல முடியுமா?”

அவள் எச்சில் விழுங்கினாள். “நான் அவரைப் பத்தித் தப்பா நினைச்சேன். அவர் தப்பே இல்லாததுக்கு அவர்மேல கோவப்பட்டேன். அவர் திருப்பி ஒரு வார்த்தை சொல்லல. டீ ஆறிப்போச்சுன்னாலும் குடிச்சுட்டுத்தான் போவார். அந்த மாதிரி மனுஷன்.”

கூட்டம் கைதட்டியது. ஆஷ்டன் தலையைச் சாய்த்து, “டீயெல்லாம் கொடுத்திருக்கீங்களா?” என்றார். மறுபடி சிரிப்பு.

ஆல்ஃபி சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்து மணிக் கயிறு நழுவியது. கூட்டத்தில் யாருக்கு அந்தக் குரல் புதிதாக இருந்தாலும் அவருக்கு இருக்க முடியாது. இருபத்தாறு வருஷமாகக் காலையில் முதலில் கேட்கிற குரல் அது. அவர் கூட்டத்துக்குள் மனைவியைத் தேடினார், காணவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மகளைத் தேடினார், நாற்காலி காலி.

மெதுவாக வந்து ஆஷ்டன் கையிலிருந்த மைக்கைப் பிடித்தார்.

“ஹெதர்,” என்றார். “இன்னிக்கு நாலு மணிக்குக் கொக்கி மாட்ட வர்றேன்னீங்களே. வர்றீங்கதானே?”

டானிகா அம்மாவின் கையை இறுகப் பிடித்தாள். வரவில்லை என்று சொன்னாலும் நிஜ ஹெதர் வரத்தான் போகிறாள். வருகிறேன் என்றால்?

“வர்றேன்,” என்றாள் மார்லின். வேறென்ன சொல்வாள்.

“அடடே, இங்கயே வர்றாங்களா?” ஆஷ்டன் உற்சாகமாகக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று நாற்பது. “அப்ப நான் எங்கயும் போகல. இருந்து நேர்லயே கை குலுக்கிட்டுப் போறேன். பரிசை அவங்க கையாலயே கொடுக்கச் சொல்லிடலாம், என்ன ஆல்ஃபி?”

ஆல்ஃபி, வண்டி கழுவுகிற கொட்டகையின் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ‘வர்றேன்’ ஒலிபெருக்கிக்கு அரை நொடி முன்னால் அங்கிருந்துதான் கேட்டது. இடுக்கு வழியாக மார்லின் அந்தப் பார்வையைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை ஒருமுறைகூடச் சந்தேகமாகப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.